பல் செட்டோடு வந்த சீட்டு

"லீவு கேட்டா அந்தக் கம்பெனி இடிஞ்சா விழுந்துடும்?"

காலை ஏழரை மணிக்கே நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்குவதற்கு முன்னால் அவள் பொங்கிவிடுவது இந்த ஒரு மாதமாக வழக்கம்.

"பெத்த பொண்ணு நான், என் வீட்டைப் போட்டுட்டு வந்து இங்க கிடக்கேன். மருமக மகாராணி, எட்டடிச்சா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுறா! அம்மா எழுந்தா என்ன, விழுந்தா என்ன..."

"சாயங்காலம் சீக்கிரம் வந்துடுறேன் அண்ணி..." என்றாள் மருமகள். அதற்கு மேல் அவளுக்குப் பேச வராது. ஊரில் பாதிப் பேர் வாய்க்குப் பல் செய்து கொடுக்கிறவள், தனக்கென்று வாயைத் திறக்கமாட்டாள். பல் செட் செய்யும் பட்டறையில் பன்னிரண்டு வருட வேலை. தெருவில் அவளுக்குப் பேரே பல்லக்கா. புருஷன் கப்பலில் சமையல்காரன். கரைக்கு வர இன்னும் நாலு மாதம்.

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. "மூணு மாசத்துல பிடிமானமில்லாம நடக்கணும். இல்லேன்னா கடைசிவரைக்கும் கட்டில்தான்" என்று டாக்டர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். ஒரு மாதம் ஓடிப்போயிற்று. மகள் தூக்கிவிட்டால் மாமியார் "ஐயோ" என்று உட்கார்ந்துவிடுவாள். மருமகள் கை கொடுத்தால் மட்டும், வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போவாள். அதுவும் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். அது எப்படிப் போதும்? அந்தக் கவலை மருமகளைத் தின்றுகொண்டிருந்தது.

"கத்தாதேடி" என்று கட்டிலிலிருந்து மகளை அடக்கினாள் மாமியார். பல்லில்லாத வாயில் அதட்டல் பாதி காற்றாகப் போயிற்று.

மருமகள் முந்தின நாள் கொண்டுவந்த டப்பாவை மாமியாரின் மடியில் வைத்தாள். "உங்க புது செட்டு, அத்தே. போட்டுப் பாருங்க."

"முதல்ல எவ்வளவு நேரம் போடணும்னு எழுதியிருக்கா பாரு" என்று மாமியார் சொல்ல, நாத்தனார் டப்பாவுக்குள் இருந்த சீட்டை எடுத்துப் புரட்டினாள். முகம் மாறிற்று.

அப்போதுதான் மருமகளுக்கு உறைத்தது. பட்டறை முதலாளி எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். விண்ணப்பம், புகார் எதுவானாலும் கையில் இருக்கிற ஆர்டர் சீட்டின் பின்பக்கத்தில்தான் எழுத வேண்டும். அவள் எழுதப் போன அன்றைக்குக் கையில் இருந்தது மாமியாருடைய செட்டின் சீட்டு. எந்தச் செட்டையும் அதனதன் சீட்டோடுதான் மூட வேண்டும் என்பது பட்டறைப் பழக்கம். கை தன்பாட்டில் மூடிவிட்டிருக்கிறது!

"அண்ணி, அது வேணாம், குடுங்க..."

நாத்தனார் சத்தமாகவே படித்தாள். "'மாமியாரை நடக்கவைக்க நான் கூட இருக்க வேண்டும். சம்பளமில்லாமல் ஆறு மாத விடுப்பு வேண்டும்.' கீழே சிவப்பு மையில, 'முடியாது.' 'மூன்று மாதமாவது.' 'முடியாது.' 'ஒரு மாதமாவது, தயவுசெய்து.' 'முடியாது. முன்வரிசைப் பல்லுக்கு வேறு ஆள் இல்லை.'"

நாத்தனார் சீட்டை மடியில் போட்டுவிட்டு மருமகளின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா நீ? மூணு தடவை கேட்டியா?" நாத்தனாரின் குரல் உடைந்தது. "ஒரு மாசமா உன்னைக் கரிச்சுக் கொட்டினேனே... ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"

"அத்தைதான்... 'என்னால உன் வேலைக்குப் பங்கம் வந்தா கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன்'னு சொன்னாங்க அண்ணி. லீவு கிடைச்சிருந்தா, கம்பெனியே குடுத்துச்சுன்னு சொல்லியிருப்பேன்."

வீடே எதிர்த்தபோது, "பொண்ணு கையில ஒரு தொழில் இருக்கட்டும்" என்று மல்லுக்கு நின்று மருமகளைப் பல் வேலை படிக்க அனுப்பியவள் மாமியார். அவளுடைய கண்கள் குளமாயின. அழுதுகொண்டே செட்டை எடுத்து வாயில் மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த வார்த்தை கணீரென்று வந்தது.

"வண்டியைக் கூப்பிடு. அந்த மனுஷனைப் பார்க்கணும்!"

பட்டறையில், பல் அச்சு வார்க்கும் சாந்துப் பவுடர் வாசனை. வாக்கரை டொக் டொக்கென்று தள்ளிக்கொண்டு, இரண்டு பக்கமும் மகளும் மருமகளுமாக மாமியார் முதலாளியின் மேஜை முன்னால் போய் நின்றாள். நின்று, ஈயென்று பல்லைக் காட்டினாள்.

"இது எப்படி இருக்கு சார்?"

முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அடடா! பிறந்ததிலேர்ந்து இருக்கிற பல்லு மாதிரியே இருக்கேம்மா!"

"இதை வச்சு மெல்லத்தான் முடியும். நடக்குறதுக்கு அவ வேணும்."

"அதெப்படிம்மா? முன்பல்லுக்கு நான் யாரைத் தேடுவேன்?"

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. வாயில்லாப் பூச்சி வாயைத் திறந்தது.

"மூணு தடவை கேட்டேன் சார். நாலாவது தடவை கேக்கப்போறதில்ல." மருமகள் ஆணியில் தொங்கிய தன் ஏப்ரனை எடுத்து மேஜைமேல் மடித்து வைத்தாள். குரல் நடுங்கவில்லை. "இந்த வேலையே அத்தை குடுத்ததுதான். அவங்க நடந்ததுக்கப்புறம் எந்தப் பட்டறை கூப்பிடுதோ அங்க போறேன்."

முதலாளி ஏப்ரனைப் பார்த்தார். அலமாரியில் முன்பல்லுக்காகக் காத்திருந்த இருபது டப்பாக்களைப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது.

"அட, இரும்மா! எடுத்தேன் கவிழ்த்தேன்னு பேசினா எப்படி? ஆறு மாசம் எடுத்துக்கோ. முன்பல்லை மட்டும் வீட்டுக்கு அனுப்புறேன், முடிஞ்சப்போ செஞ்சு குடு. அதுக்குக் காசு தனி."

"வாயால சொன்னா ஆச்சா? எழுதுங்க! எழுதி சீல் குத்துங்க!" என்று நாத்தனார் மேஜையைத் தட்டினாள். ஒரு மாதமாக மருமகள்மேல் பாய்ந்த வாய், முதன்முதலாக அவளுக்காகப் பாய்ந்தது. பட்டறைப் பெண்கள் கைதட்டினார்கள்.

முதலாளி எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் போன மருமகளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து, முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

"என் கண்ணே... அழாதேடி..."

மாமியார் வந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மருமகள் அந்தத் தோளில் முகம் புதைத்துக் குழந்தைபோல் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"அம்மா!" நாத்தனார் போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது.

வாக்கர் ஆறடிக்கு அப்பால், முதலாளியின் மேஜையோரமாகத் தனியே நின்றுகொண்டிருந்தது.