ஆப்சலம் மேப்ரியின் காது

1958, வியாழக்கிழமை. பிற்பகல் 3.40.

பழைய நீதிமன்றப் பதிவேட்டில் நூற்றுப் பத்தாம் பக்கத்தை அடுத்து நூற்றுப் பதின்மூன்று இருந்தது. நடுவில் ஒரு தாளைக் காணோம்.

"மிஸ் வெர்னா, இங்க வந்து பாருங்க!" என்று கத்தினாள் ரோவீனா மேப்ரி. சாக்ஸ் மில்லில் காலை ஷிப்ட் முடித்து நேராக வந்தவள். தலையெல்லாம் பஞ்சு.

வெர்னா கோம்ப்ஸ், பக்ஹார்ன் கவுண்டியின் ஆவண அறை எழுத்தர், மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முப்பத்தோரு வருட வேலை. இரண்டு முழங்காலும் வீக்கம். பார்த்தாள். "அடக் கடவுளே, இது வேறயா" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் சின்னதல்ல. 1790களில் இந்த மலைக்கு வந்து மரம் வெட்டிக் குடிசை போட்டவர்களில் ஆப்சலம் மேப்ரியும் ஒருவன். அவனுக்கு இடது காது பாதிதான். பன்றி திருடினால் காதை அறுப்பது அந்தக் காலத்துத் தண்டனை. அதனால் எங்கள் ஊருக்கு அவன் பன்றித் திருடன். நூற்று அறுபது வருடமாகியும் ஊர் அதை விடவில்லை. ரோவீனா பள்ளிக்கூடம் போன நாளில்கூடப் பையன்கள் காதைப் பிடித்துக்கொண்டு பன்றிபோல உறுமினார்கள். எங்கள் ஊர் லட்சணம் அது.

சனிக்கிழமை சதுக்கத்தில் கல்தூண் திறக்கிறார்கள். முதல் நாற்பது குடும்பங்களின் பெயர் அதில் ஏறும். மேப்ரிக்கு இடமில்லை என்று முன்னோடிகள் சங்கம் கைவிரித்துவிட்டது. அவன் திருடனில்லை என்று இன்று ஐந்து மணிக்குள் ஆதாரம் காட்டினால் சேர்ப்பார்களாம். நேற்று அறையைப் பூட்டும் நேரத்தில்தான் பதிவேட்டின் பெயர்ப்பட்டியலில் ரோவீனா அந்த வரியைக் கண்டாள்: 'மேப்ரி, காது, 112.'

"யார்கிட்ட சொன்னே?"

"ஸ்லோன் சார்கிட்ட. வீட்டுல சித்தப்பாகிட்ட."

வெர்னா வருகைப் புத்தகத்தைப் புரட்டினாள். 9.30, கிரேடி ஸ்லோன், இருபது நிமிடம். 11.10, ஹோபர்ட் மேப்ரி, ஐம்பது நிமிடம். வேறு யாரும் இந்தப் பதிவேட்டைக் கேட்கவில்லை.

காலையில் ஹோபர்ட் வந்தபோது, புகையிலை மெல்லும் எல்லாரையும்போல வலக்கன்னம் புடைத்திருந்தது. "தரையில துப்பினே, நீதான் துடைக்கணும்" என்று வெர்னா சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினான். பதிவேட்டை மூடிவைத்து, அதன்மேல் கையை ஊன்றி, இருந்த இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். வெர்னா ஜன்னலில் நாய் லைசென்ஸ் எழுதிக்கொண்டிருந்தாள்.

4.05. போன் போட்டதும் ஸ்லோன் வந்தார். விதைக்கடை முதலாளி, சங்கத் தலைவர்.

"காலையில என்ன பாத்தீங்க?" என்றாள் வெர்னா.

"எங்க முப்பாட்டன் எலைஜா தன் மாட்டுக்குப் போட்ட அடையாளக் குறி எங்க பதிவாகியிருக்குன்னு."

"எப்பவும் பையில கத்தி வச்சிருப்பீங்களே?"

"வாசல்லயே உங்க கையில குடுத்தேனே! இருபது நிமிஷமும் என் மூட்டுவலியப் பத்தித்தானே பேசிக்கிட்டிருந்தேன்?"

"ஆமா. என் மூட்டுவலியப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல."

வெர்னா கிழிந்த விளிம்பைத் தடவினாள். கத்தி பட்டிருந்தால் விளிம்பு நறுக்கென்று இருக்கும். இது மெத்தென்று நாராக நின்றது. பக்கத்துத் தாளின் மடிப்பும் லேசாகச் சுருங்கியிருந்தது.

4.25. ரோவீனாவை அழைத்துப்போக ஹோபர்ட் லாரியில் வந்தான். கையில் காபி டப்பா. கதவருகே நின்று அதில் ஒருமுறை துப்பினான். "என்ன, எல்லாரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி?" என்று கேட்டுவிட்டு மறுபடி துப்பினான்.

வெர்னா அந்த டப்பாவையே பார்த்தாள்.

"காலையில டப்பா கொண்டு வரலியே, ஹோபர்ட்?"

"மறந்துட்டேன்."

"வெளியவும் எழுந்து போகல. கன்னம் நிறையப் புகையில, அம்பது நிமிஷம், ஒரு தடவகூடத் துப்பல. இப்ப உள்ள வரதுக்குள்ள ரெண்டு தடவ ஆச்சு."

அவன் டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"வாயில இருந்தது நூலு. ஈர நூலத் தாளோட மடிப்புல வச்சு மூடிட்டா, அரை மணியில தாள் ஊறிடும். அப்புறம் சத்தமில்லாம கையோட வந்துடும். முன்னாடி ஒருத்தன் இங்கருந்து மேப்பு திருடினது இப்படித்தான், ஊருக்கே தெரியும். நம்ம ஊர்ல ஒருத்தன் கன்னம் உப்பியிருந்தா யாரு கவனிக்கறா? நானும் கவனிக்கல. என் தப்பு."

"சித்தப்பா?" என்றாள் ரோவீனா.

ஹோபர்ட் நாற்காலியில் சரிந்தான். "அடுப்புல போட்டுட்டேன்."

"படிச்சியா?"

"அந்தக் கோழிக் கிறுக்கல எவன் படிக்கறது? 'மேப்ரி, காது'ன்னு போட்டிருக்கே, போதாதா? வாயால சொன்னதுக்கே எங்கப்பா தலை நிமிராம செத்தாரு. எழுத்துல வேற வந்து, அத ஊர்முன்னாடி படிக்கணுமா?"

"பாவி" என்று ரோவீனா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வெர்னா கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தாள். நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் மங்கலான பழுப்புக் கறை படிந்திருந்தது. நூற்று அறுபது வருடம் எதிரிலிருந்த நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு அழுந்திக் கிடந்ததில், அந்த மை இதில் இடவலம் மாறி ஒட்டியிருக்கிறது. டப்பாவின் கண்ணாடியைப் பக்கத்தில் நிறுத்தி, திக்கித் திக்கிப் படித்தாள்.

"'ஆப்சலம் மேப்ரி இன்று ஆஜராகி, தன் இடது காது தண்டனையில் அறுபட்டதல்ல, சண்டையில் எலைஜா ஸ்லோன் கடித்துத் துண்டானது என்று சாட்சிகளோடு மெய்ப்பித்தான். பின்னாளில் எவரும் பழி சொல்லாதிருக்க இது பதிவு செய்யப்படுகிறது.'"

"எங்க முப்பாட்டனா?" என்றார் ஸ்லோன்.

ஹோபர்ட் வெர்னாவைப் பார்த்தான். "இன்னொரு தடவ படி."

படித்தாள். அவன் தோள் குலுங்கியது.

4.45. ஸ்லோன் தொண்டையைச் செருமினார். "மிஸ் வெர்னா, மூலத்தாள் இல்லாம கண்ணாடியில பாத்தத எங்க கமிட்டி ஒத்துக்காது. நாளைக்கே எவனாவது இட்டுக்கட்டினதும்பான்."

"நான் சான்று எழுதி சீல் போடலாம்" என்றாள் வெர்னா. அலுப்பில் அவள் குரலே எழும்பவில்லை. "ஆனா அந்தத் தாள் எப்படிப் போச்சுன்னு அதுல இருக்கணும். எடுத்தவன் கையெழுத்தும் வேணும். அதுல ஷெரீப்புக்கும் ஒரு காப்பி போகும், ஹோபர்ட். மறைக்க எனக்கு அதிகாரமில்ல."

"வேண்டாம் சித்தப்பா" என்றாள் ரோவீனா. "தூணும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

ஹோபர்ட் காபி டப்பாவைக் கீழே வைத்தான்.

"அந்தாளு செய்யாததுக்கு இத்தன வருஷம் திருடன்னு பேர் வாங்கினான்" என்றான். "நான் செஞ்சதுக்குத்தானே வாங்கப்போறேன். பேனாவக் குடு, வெர்னா."

'பதிவேட்டிலிருந்து இத்தாளைத் திருடியவன் நானே' என்ற வரிக்குக் கீழே ஹோபர்ட் மேப்ரி முழுப்பெயரையும் எழுதினான். வெர்னா சீல் போட்டபோது மணி 4.56.