துடைத்த வீட்டில் திருட்டு!

மச்சினன் செத்துப் பதினான்கு மணி நேரம் ஆகியிருந்தபோது காலிங்பெல் அடித்தது.

கண் டாக்டர் துள்ளி எழுந்தார்.

போலீஸ்?

கதவுத் துளையில் ஒரு கண்ணை வைத்தார். மூன்று பெண்கள். நீலச் சட்டை. கையில் வாளி, மாப், சக்கரம் வைத்த ஒரு மெஷின்.

அப்பாடா... கிளீனிங் கம்பெனி!

பிணம் வீட்டில் இல்லை. அதை எங்கே வைத்தார் என்பது இப்போதைக்கு அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

ரத்தம்தான் வீட்டில் இருந்தது. சோபாவில், கம்பளத்தில், சுவரில்... எட்டு மாதம் ஓசிச் சாப்பாடு சாப்பிட்ட உடம்பு! தலையில் ஒரே ஒரு தடவைதான் டம்பெல்லால் அடித்தார். அதற்கே இத்தனை!

துடைக்கத்தான் பார்த்தார். ஆனால் அந்த வீட்டில் மாப் எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. மூன்று துண்டுகளும் ஒரு வாளி வெந்நீரும் வீணானதுதான் மிச்சம். கறை பரவியது.

வெளியூர் போன மனைவி சாயங்காலம் வந்துவிடுவாள். செத்தவன் அவளுடைய ஒரே தம்பி. அதற்குள் வீடு சுத்தமானால், 'கோபித்துக்கொண்டு போய்விட்டான்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

இல்லாவிட்டால்... தூக்கு!

கதவைத் திறந்தார்.

"சார், கிளீனிங்..." என்றாள் முன்னால் நின்றவள். அவள்தான் சூப்பர்வைசர்.

"எந்த லிஃப்ட்ல வந்தீங்க?"

"முன்னாடி இருக்கிற லிஃப்ட்ல சார்."

"அது இங்கே குடியிருக்கிறவங்களுக்கு. பின்னாடி சாமான் ஏத்துற லிஃப்ட் இருக்கு, தெரியாதா?"

"சரி சார். போறப்போ சாமானாப் போயிக்கிறோம்."

டாக்டர் முறைத்தார்.

"பாத்ரூம் யூஸ் பண்ணக் கூடாது. வேணும்னா கீழே வாட்ச்மேன்கிட்ட கேளுங்க."

"பாத்ரூமைக் கழுவலாமா சார்?"

"கழுவத்தானே கூப்பிட்டிருக்கேன்!"

"கழுவலாம்... போகக் கூடாது. புரிஞ்சுது சார்."

மூவரும் காலில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு ஹாலுக்குள் வந்தார்கள். வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"அக்கா... என்னக்கா இது?" என்றாள் நெட்டையாக இருந்தவள்.

"என்ன சார் கொட்டிச்சு?"

"மாதுளை ஜூஸ்."

"சுவர்லயும் இருக்கே?"

"மிக்ஸி மூடி தெறிச்சிடுச்சு."

"மிக்ஸியை ஹால்லயா சார் வச்சிருக்கீங்க?"

"நீ துடைக்க வந்தியா, விசாரிக்க வந்தியா?"

"துடைக்கத்தான் சார். விசாரிக்கிறதுக்கு எங்களுக்கு யாரு சம்பளம் தர்றாங்க?"

சூப்பர்வைசர் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனாள். நெட்டை அவள் காதருகே குனிந்தாள்.

"அக்கா, இது மாதுளை இல்லக்கா."

"தெரியுது. புருஷன் பொண்டாட்டி சண்டையா இருக்கும். போன வாரம் ஒரு வீட்ல நெத்தியில பெரிய பிளாஸ்திரியோட அந்த அம்மா நின்னுக்கிட்டே, தரையில கிடக்கிறது ஜாம்னாங்க. நாமளும் ஜாமைத் துடைச்சுட்டு வரலியா? வேலையைப் பாருடி."

மெஷின் உறுமியது.

சோபா நுரைத்தது. மூன்றாவது பெண் குட்டை. ஸ்டூல் போட்டு ஏறிச் சுவரைத் தேய்த்தாள். மெஷினின் தொட்டியில் தண்ணீர் முதலில் சிவப்பாக வந்தது. பிறகு ரோஸ். பிறகு வெறும் தண்ணீர்.

டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். கறையைப் பார்க்கவில்லை. அவர்களுடைய கைகளைப் பார்த்தார்! பீரோவைப் பூட்டினார். ஸ்பூன்களை எண்ணி டிராயருக்குள் போட்டார். ஒரு மனிதனைத் தீர்த்துக்கட்டியவருக்கு ஸ்பூன் போய்விடுமோ என்று பயம்!

மத்தியானம் முடிவதற்குள் ஹால் பளபளத்தது. சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

"பார்த்துக்கோங்க சார். உங்க மாதுளை போயே போச்சு."

டாக்டருக்குச் சந்தோஷம். தப்பித்தாயிற்று! மனைவி வர இன்னும் நேரமிருக்கிறது. எவ்வளவு என்று பார்க்க மணிக்கட்டைத் திருப்பினார்.

வாட்ச் இல்லை!

நேற்றுச் சாயங்காலம் கழற்றி டீப்பாய் மேல் வைத்தது. டீப்பாய் இருந்தது. துடைத்துப் பளிச்சென்று இருந்தது. மேலே ஒன்றுமில்லை.

"எங்கே என் வாட்ச்?"

"எந்த வாட்ச் சார்?"

"நடிக்காதே! டீப்பாய் மேல இருந்துச்சு. யார் எடுத்தது?"

"டீப்பாய் மேல ஒண்ணுமே இல்லையே சார்..."

"திருட்டுக் கூட்டம்! கண்ணு முன்னாடியே உட்கார்ந்திருக்கேன்... என்னையே ஏமாத்துறீங்களா?"

புத்தியுள்ள கொலைகாரன் என்றால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, வாசல்வரை வந்து வழியனுப்பியிருப்பான்.

டாக்டர் நிறையப் படித்தவர்.

போனை எடுத்தார். போலீசைக் கூப்பிட்டார்!

அரைமணியில் இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே ஒரு பெண் போலீஸ். இன்ஸ்பெக்டர் வழுக்கி விழப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், வீட்டை இப்படி வச்சிருக்கீங்க! தரையில என் மூஞ்சி தெரியுது. யம்மா, எங்க வீட்டுக்கு வருவீங்களா?"

"ஜெயில்ல இருந்து விட்டதும் வர்றோம் சார்" என்றாள் சூப்பர்வைசர்.

"இன்ஸ்பெக்டர், இவங்ககிட்ட என்ன பேச்சு? மூணு பேர்ல ஒருத்தி எடுத்திருக்கா."

"எவ?"

"எவளா இருந்தா என்ன? மூணு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் நாலு தட்டு தட்டினா தானா வெளியே வரும். இந்த மாதிரி ஆளுங்க எல்லாம் ஒரே ரகம்."

பெண் போலீஸ் மூவரையும் சோதித்தாள். பைகளைக் கொட்டினாள். வாளிகளைக் கவிழ்த்தாள். மெஷினைக்கூடக் கழற்றிப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை.

"சரி, கிளம்புங்க..." என்றார் இன்ஸ்பெக்டர்.

சூப்பர்வைசர் அசையவில்லை.

"எங்கே சார் கிளம்புறது? திருடின்னு ஒரு தடவை பேர் வந்துட்டா அப்புறம் எந்த வீட்டுக் கதவும் எங்களுக்குத் திறக்காது. இவளுக்கு ரெண்டு குழந்தை. அவ சம்பளத்துலதான் அவங்க அப்பாவுக்கு மருந்து. அந்த வாட்ச் கிடைக்காம நாங்க இங்கிருந்து நகர மாட்டோம். தேடுங்க!"

கதவு திறந்தது. டாக்டரின் மனைவி பெட்டியோடு நின்றாள்.

இத்தனை சீக்கிரமா!

"என்னங்க இது? வீட்ல போலீஸ்? தம்பி எங்கே?"

"அவன்... கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்."

"அவனா? ஃப்ரிட்ஜ்ல ஒரு முட்டை இருக்கிற வரைக்கும் இந்த வீட்டை விட்டுப் போக மாட்டானே!"

"அதை விடு. என் வாட்ச் போச்சு. இந்தப் பொம்பளைங்க திருடிட்டாங்க."

"நான் கல்யாண நாளுக்குக் கொடுத்ததா? போன்ல இருந்து அடிச்சுப் பார்த்தீங்களா?"

"வாட்சுக்கு எப்படி அடிக்கிறது?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஊர்ல இருக்கிறவங்க கண்ணையெல்லாம் திறந்து வைக்கிறீங்க, உங்க கண்ணை யாரு திறக்கிறது? அதுக்குள்ளே தனி சிம் இருக்குங்க. மூணு தடவை சொல்லிக் கொடுத்தேன். மண்டையில ஏறினாத்தானே! கொடுங்க போனை."

இரண்டு தட்டுத் தட்டினாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டில் சத்தமே இல்லை.

"ஆனா இந்த பில்டிங்லதான் இருக்குன்னு காட்டுது" என்றாள்.

டாக்டரின் மூளையில் பல்ப் எரிந்தது.

"உங்க வேன் எங்கே நிக்குது?"

"கீழே பார்க்கிங்ல சார்" என்றாள் சூப்பர்வைசர்.

"கேட்டீங்களா இன்ஸ்பெக்டர்! தண்ணி கொட்டுறேன், தண்ணி கொட்டுறேன்னு கீழே போய்ட்டுப் போய்ட்டு வந்தாங்க!"

"அப்ப வாங்க, கீழே போய்ப் பார்ப்போம்."

டாக்டர் ஒரு கணம் தயங்கினார். ஒரே கணம்தான். பிறகு அந்த மூன்று நீலச் சட்டைகளுக்கும் விலங்கு மாட்டுவதைப் பார்க்கும் ஆசை ஜெயித்தது. லிஃப்டில் முதல் ஆளாக ஏறினார்.

பார்க்கிங். அரையிருட்டு. தூணுக்குத் தூண் கார்கள். ஓரத்தில் கிளீனிங் கம்பெனி வேன்.

மனைவி போனை மறுபடியும் தட்டினாள்.

டிர்ர்ங்... டிர்ர்ங்...

மெல்லிய சத்தம்!

"கேளுங்க! கேளுங்க!" டாக்டர் குதித்தார். ஓடிப்போய் வேனை ஓங்கித் தட்டினார். "நான்தான் சொன்னேனே! பிடிங்க இவங்களை!"

சூப்பர்வைசருக்கு முகம் வெளுத்தது. வேன் கதவைத் திறந்தாள்.

பினாயில் கேன்கள். துடைப்பம். துணி மூட்டை.

இன்ஸ்பெக்டர் தலையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தார். காதைத் தீட்டிக்கொண்டு ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தார்.

"சத்தம் வேன்ல இருந்து வரலியே..."

டிர்ர்ங்... டிர்ர்ங்...

பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார். அதன் பின்பக்கம் குனிந்தார்.

"இது யாரோட கார்?"

"எங்களுதுதான்!" மனைவி பல்லைக் கடித்தாள். "டிக்கியில போட்டுட்டு மூணு பொண்ணுங்களைத் திருடின்னு சொல்லி, போலீசை வேற கூப்பிட்டு... வெட்கமா இல்ல?"

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

வாட்ச் எப்படி டிக்கிக்குள் போயிற்று? அவர் வைக்கவில்லை. சத்தியமாக வைக்கவில்லை.

அப்படியானால்...

பாவி! டம்பெல் தலையில் விழுவதற்கு முன்பே டீப்பாயில் கை வைத்திருக்கிறான்! அவன் பேன்ட் பாக்கெட்டைத் தடவிப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை!

"சாவி கொடுங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது... பூட்டு ரிப்பேர். கிடக்கட்டும் இன்ஸ்பெக்டர், புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். ஏம்மா, நீங்க கிளம்புங்க. முன்னாடி லிஃப்ட்லயே போங்க..."

"பார்க்கிங்ல நிக்கிறவங்களுக்கு எதுக்கு சார் லிஃப்ட்?" என்றாள் சூப்பர்வைசர். "டிக்கியைத் திறங்க. வாட்சை என் கண்ணால பார்க்கணும்."

"என்கிட்ட இன்னொரு சாவி இருக்கு" என்று மனைவி கைப்பையைத் திறந்தாள்.

டாக்டர் பாய்ந்தார். டிக்கியின் மேல் குப்புற விழுந்து இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார்.

"திறக்காதே!"

"ஏன்?"

"உன் தம்பி உள்ளே இருக்கான்!"

டிக்கிக்குள் வாட்ச் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

சூப்பர்வைசர்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சார்... காரு எங்க பேக்கேஜ்ல வராது!"