ஆரம் தராத கணக்கு

"இந்தக் கேள்வியை எழுதின ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

மழைக்குப் பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கியிருந்த கணக்கு டீச்சர், கேள்வித்தாளை முறைத்துக்கொண்டே முணுமுணுத்தாள்.

"கிடைச்சா என்ன பண்ணுவீங்க?"

பக்கத்தில் தொப்பலாக நனைந்த ஒரு நெட்டையன். இமையோரத்தில்கூட மழைத்துளி... அதற்குள்ளே ஒரு குறும்பு.

"ஸ்கேலாலேயே நாலு வைப்பேன். நீங்களே பாருங்க. பொதுமைய வட்டம் ரெண்டு. பெரிய வட்டத்தோட நாண், சின்ன வட்டத்துக்குத் தொடுகோடா போகுது. நாணோட நீளம் பன்னிரண்டு. நடுவுல இருக்கிற வளையத்தோட பரப்பு என்னவாம். ஒரு ஆரமும் குடுக்கல. கேள்வியே தப்புன்னு போன வாரம் பரீட்சையிலேயே பசங்ககிட்ட சொல்லிட்டேன், தேர்வு அலுவலகத்துக்குப் புகாரும் எழுதியாச்சு. தூங்கிக்கிட்டே எழுதியிருப்பான்."

"இல்ல டீச்சர். நல்லா முழிச்சுக்கிட்டுதான் எழுதினேன்."

அவள் கேள்வித்தாளைச் சட்டென்று மடித்தாள்.

அவளுக்குக் காது மடல் வரை சிவந்தது. அவன் சிரிக்கவில்லை. நிறுத்தத்தின் கண்ணாடித் தடுப்பில் படிந்திருந்த ஈரப்பனியில் விரலால் இரண்டு வட்டம் போட்டான். தொடுகோட்டை இழுத்தான். மையத்திலிருந்து, அது சின்ன வட்டத்தைத் தொடும் இடத்துக்கு ஒரு கோடு. அத்தோடு கையை எடுத்துக்கொண்டான்.

அவள் கண்கள் மெல்ல விரிந்தன. "அங்க செங்கோணம்..." அவளுடைய விரலும் கண்ணாடிக்குப் போனது. மையத்திலிருந்து நாணின் முனைக்கு இன்னொரு கோடு. "பெரிய ஆரத்தோட வர்க்கத்துல சின்னதோட வர்க்கத்தைக் கழிச்சா... பாதி நாணோட வர்க்கம். ஆறாறு முப்பத்தாறு. முப்பத்தாறு பை. ஐயோ, ஆரமே வேண்டாமே... எவ்வளவு அழகு இது."

"இப்படி ஒருத்தராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன்" என்றான் அவன்.

அடுத்த நொடியே அவள் முகம் வாடியது. "பசங்க முன்னாடி தப்புன்னு அடிச்சுச் சொன்னேனே..."

"விடுங்க. அந்தப் புகாருக்காகத்தான் நாளைக்கு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. கேள்வி தப்புதான்னு ஒத்துக்கறேன். உங்களுக்கு ஒண்ணும் வராது."

"உங்களுக்கு?"

"கேள்வித்தாள் பக்கம் விட மாட்டாங்க. அவ்வளவுதானே."

அவளுக்குச் சுருக்கென்றது. "என் மானத்தைக் காப்பாத்த ஒரு நல்ல கணக்கைக் கொல்லுவீங்களா? உங்க இரக்கம் எனக்கு வேண்டாம்."

பேருந்து வந்தது. விடுவிடுவென்று ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் வகுப்பில் அதே படத்தைப் பலகையில் போட்டாள். "கேள்வி சரி. நான்தான் தப்பு."

கடைசி பெஞ்சு வாயாடி எழுந்தாள். "நான் முப்பத்தாறு பைன்னு போட்டேன் டீச்சர். நீங்க சொன்னதும் அடிச்சுட்டேன்."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "இனிமே யார் சொன்னாலும் அடிக்காதே, கண்ணு. நானே சொன்னாலும்."

அங்கிருந்து நேரே தேர்வு அலுவலகம். அறை வாசல் நாற்காலியில், தூக்குத் தண்டனைக் கைதி மாதிரி அவன். அவனைத் தாண்டி உள்ளே போனாள்... வெளியே வந்தாள்.

"புகாரைத் திரும்ப வாங்கிட்டேன். உங்களுக்கு இங்க வேலையில்ல, கிளம்பலாம்."

அவன் எழுந்திருக்கவில்லை. "நேத்து நான் சொன்னது இரக்கமில்லங்க."

"பின்ன?"

"கணக்கு பிடிபட்டதும் உங்க முகம் மலர்ந்துச்சே... அந்த முகம் பசங்க முன்னாடி குனியறதை நினைச்சுப் பார்க்க முடியல. உங்களை எனக்குப் பிடிச்சுப் போச்சு."

அவள் சேலை முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"எனக்கும்தான்..." என்றாள் கடைசியில். "ஆனா எனக்காகக்கூட நீங்க பொய் சொல்லக் கூடாது."

"எங்க சொல்றது? நினைச்சதுக்கே காலையிலேருந்து கை காலெல்லாம் உதறுது."

"அதான் பார்த்தாலே தெரியுதே. சட்டைப் பொத்தானை ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டிருக்கீங்க."

அவன் பதறிக் குனிந்து பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்... நிமிர்ந்தவன், பொத்தானை மறந்து அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.