மறைந்துபோன ‘க்கு’

“எடைத்தாளைக் காட்டுங்க சார்.”

கலன் சான்றகத்தில் மாரிக்கனி வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குச் சொல்லப்பட்ட புத்திமதி ஒன்றே ஒன்று: எது வேண்டுமானாலும் கேள், எடைத்தாளை மட்டும் கேட்காதே. ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவள் வாய்க்கு அதுவே பெரிய சாதனை.

இயக்குநர் சற்குணராஜ் தலையை நிமிர்த்தவில்லை. “எந்த எடைத்தாள்?”

“கஞ்சிக் கிண்ணத்துக்கு உள்ளது. சூடு பண்றதுக்கு முன்னால எவ்வளவு இருந்துச்சு, பின்னால எவ்வளவு இருக்குன்னு எழுதி வச்சிருப்பீங்கல்ல, அது.”

நகரத்தின் எரிவாயுக் குழாய்களை மூடிப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. தூத்துக்குடியில் இப்போது எல்லா வீட்டிலும் நுண்ணலை அடுப்புதான். அடுப்பின் தட்டுக்கு அடியில் கலன்காணி என்றொரு கண். பாத்திரத்தை வைத்ததும் அதன் அடியிலுள்ள முத்திரையைப் படிக்கும். சான்றகம் ஒப்புதல் தந்த கலன் என்றால் பச்சை விளக்கு எரியும். “அடுப்புப் பாதுகாப்பு” என்று ஒரு பெண்குரல் சொல்லும். இல்லையென்றால் சிவப்பு, அடுப்பு அசையாது. ஒரு காலத்தில் எவர்சில்வர் கிண்ணத்தை உள்ளே வைத்துப் பொறி பறக்கவிட்டவர்களும், பொன்விளிம்புப் பீங்கான் தட்டை வைத்துப் பதறியவர்களும் இப்போது பாத்திரத்தைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. கண்ணுக்கு வேலையில்லை, காது போதும்.

நாளை முதல் மாவட்டத்து அங்கன்வாடிகளுக்கெல்லாம் புதுப் பிளாஸ்டிக் கஞ்சிக் கிண்ணம் போகிறது. சோதகராக மாரிக்கனி விரல் வைத்தால்தான் அதன் முத்திரை உயிர்பெறும். மூத்த சோதகர்கள் நாலு பேர் இருக்க, ஆறு மாதக் கத்துக்குட்டியின் விரலை ஏன் தேடினார்கள்? அவளை முதலில் உறுத்தியது அதுதான். முந்தாநாள் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் நல்லெண்ணெயும் ஊற்றி இருபது தடவை சூடாக்கினாள். எண்ணெய் தண்ணீரைவிட எகிறிச் சூடேறும். கிண்ணத்தின் உள்சுவர் சொரசொரத்துப் போயிருந்தது. கழுவி, ஈரம் போக உலர்த்தி நிறுத்துப் பார்த்தாள்.

“நாலு மில்லிகிராம் குறையுது சார். அது எங்க போச்சு?”

“தேய்ஞ்சிருக்கும்.”

“தேய்ஞ்சது எங்க போச்சு? காத்துலயா, கஞ்சிலயா? எங்க அக்கா மக நாளைக்கு அதுலதான் குடிக்கப் போறா. ரெண்டு வயசு.”

சற்குணராஜ் எழுந்துபோய் அறை மூலையிலிருந்த அடுப்பில் தன் மதியச் சாப்பாட்டை வைத்தார். மாரிக்கனி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“உங்க டப்பா மட்டும் ஏன் சார் கண்ணாடி?”

“வீட்டுக்காரி குடுத்துவிடுறா.”

“மூடியைக் கழட்டி வெளிய வச்சீங்களே. மூடிதான் பிளாஸ்டிக். அதையும் வீட்டுக்காரிதான் சொன்னாங்களா?”

அவர் சிரித்தார். கோபப்படுவார் என்று வந்தவளுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

“நீ கேக்குற தாளு இல்லம்மா. ஒளிச்சு வைக்கல. எழுதவே இல்ல. கலன் உருகக் கூடாது, வெடிக்கக் கூடாது, பொறி பறக்கக் கூடாது. அடுப்பு கெட்டுப்போகக் கூடாது. அவ்வளவுதான் சோதனை. விதியை எழுதுனவன் அடுப்பு செய்யுறவன். ஒப்பந்தத்துல தெளிவா ‘அடுப்புக்குப் பாதுகாப்பு’ன்னுதான் இருக்கு. முத்திரையில இடம் பத்தலன்னு ‘க்கு’வை எடுத்துட்டாங்க. இலக்கணப்படி தப்பில்லையே?”

“வேற்றுமைத் தொகை” என்றாள் மாரிக்கனி, பல்லைக் கடித்துக்கொண்டு. உருபு மறைந்துகொள்ளும், படிக்கிறவர் தன் நம்பிக்கைக்கு ஏற்றபடி விரித்துக்கொள்வார்.

“நீ தமிழ் மீடியமோ?”

“ஆமா. எங்க வம்சத்துல காலேஜு வாசலை மிதிச்ச மொத ஆளு. அதான் கேக்கேன். நீங்க நாலாம் வேற்றுமையில விக்கிறீங்க, நாங்க ஏழாம் வேற்றுமையில திங்கோம். அடுப்புக்குப் பாதுகாப்புன்னு நீங்க. அடுப்புல வச்சா நமக்குப் பாதுகாப்புன்னு நாங்க.”

“அந்த ‘க்கு’தானே வேணும்? இந்தா.” மேசைத் திரையில் அடுப்பின் குரல்வரியைத் திருத்தினார். தன் டப்பாவை வெளியே எடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். “பரக்கத்து, உன் சாப்பாட்டை இதுல சூடு பண்ணிக்கம்மா.”

பதிவறைப் பரக்கத் நிஷா டப்பாவோடு வந்தாள். பச்சை எரிந்தது. “அடுப்புக்குப் பாதுகாப்பு” என்றது குரல். அவள் எடுத்து நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள்.

“அக்கா, அடுப்பு என்ன சொல்லுச்சு?”

“பாதுகாப்புன்னுச்சு. வேற என்னத்தட்டி சொல்லும்? பாட்டா பாடும்?”

சற்குணராஜ் விரல்பலகையை மாரிக்கனி பக்கம் தள்ளினார். “போதுமா? விரலை வை.”

“வச்சாச்சு சார். காலையில ஒம்பதே முக்காலுக்கு. ‘தகாது’ன்னு.”

அவர் பெருந்திரையைப் போட்டார். கஞ்சிக் கிண்ணத்தின் வரிசை முழுக்கச் சிவப்பு. ஒரு தடவை ‘தகாது’ விழுந்துவிட்டால் மறுசோதனை முடியும்வரை இயக்குநராலும் அழிக்க முடியாது.

“பின்ன எதுக்கு வந்து தாளு கேட்ட?”

“என் எடை தப்புன்னு காட்ட ஒரு தாளாவது இருந்துடாதான்னுதான்.”

“பழைய கிண்ணத்தையெல்லாம் திரும்ப வாங்கியாச்சு. நாளைக்குக் கஞ்சி சூடாகாது. பிள்ளைங்களுக்கு என்ன சொல்லுவ?”

“ஆறின கஞ்சி குடிச்சா சாக மாட்டாங்க சார். நாங்க அதைக் குடிச்சுத்தான் உங்க முன்னால வந்து நிக்கோம்.”

“நீ சொன்னா மட்டும் ஏன்னு கேட்ருவாங்களா?” அவர் குரல் இப்போதுதான் உயர்ந்தது. “பச்சை எரிஞ்சா திம்பாங்க. சிவப்பு எரிஞ்சா கொட்டுவாங்க. நீயும் இன்னொரு விளக்குதான்.”

அது உண்மையாக இருந்ததுதான் மாரிக்கனிக்கு எரிச்சல்.

பரக்கத் நிஷா திரையின் சிவப்பைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் டப்பாவில் மிச்சமிருந்த சோற்றை அப்படியே குப்பைக்கூடையில் கவிழ்த்தாள். அவள் டப்பா வேறு ரகம். அதற்குச் சிவப்பு எரியவே இல்லை.

‘உன்னுது நல்லதுதான்க்கா’ என்று சொல்லத்தான் மாரிக்கனி வாயெடுத்தாள். ஆனால் அதை அவள் நிறுத்துப் பார்த்ததில்லை. சொல்லாமல், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.