‘ஆட மாட்டேன்’ காணாமற்போன பகல்

விளக்கு மீண்டும் எரிந்தபோது மேசைமேல் ஹார்டு டிஸ்க் இல்லை.

கனிஷ்கா மேசைக்கு அடியில் பார்த்தாள். மடிக்கணினியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தித் தன் நண்பர்கள் மூவரையும் பார்த்தாள். அந்தப் பார்வையோடு அவர்களுடைய நட்பில் விரிசல் விழுந்துவிட்டது.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையில் உள்ள ஒரு கோழிப்பண்ணையின் பழைய குஞ்சுக் கொட்டகைதான் அவர்களுடைய ராக் இசைக்குழுவின் பயிற்சிக்கூடம். பாடுபவளும் பாட்டெழுதுபவளும் கனிஷ்கா. கிடார் வாசிப்பவன் அன்பரசு. டிரம்ஸ் இனியா. குழுவின் வெளிவேலைகளையெல்லாம் கவனிப்பவன் சபரிநாதன். பண்ணை அவனுடைய தந்தையுடையது. ஓராண்டுக் காலம் பாடுபட்டு அவர்கள் பதிவுசெய்து, முதன்முதலாக வெளியிட இருந்த பாடல் ‘ஆட மாட்டேன்’; அது அந்த ஹார்டு டிஸ்க்கில்தான் இருந்தது. நயமாகப் பேசி ஆட்டிவைப்பவர்களையும் கூடவே இருந்து குழிபறிப்பவர்களையும் எதிர்த்து நிற்கும் பாட்டு அது.

*கயிறு உன் கையில், கால் என்னுடையது;*
*இழுத்துப் பார், நான் ஆட மாட்டேன்.*

மறுநாள் நண்பகலுக்குள் அதைச் சென்னையிலுள்ள இசை வெளியீட்டு நிறுவனத்துக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் அவர்களுக்கென ஒதுக்கிய வெளியீட்டு நாள் வேறொரு குழுவுக்குப் போய்விடும். இன்னொரு வாய்ப்பு வருமென்று எவரும் சொல்லவில்லை.

கனிஷ்கா எவரையும் வெளியே விடாமல் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு உதவி ஆய்வாளர் தமிழ்ச்செல்வி ஒரு காவலரோடு வந்து இறங்கினார். வரும்போதே அவருக்கு எரிச்சல். “பாட்டைக் காணோமாம், போய்த் தேடிப் பிடிச்சுட்டு வாங்க” என்று ஆய்வாளர் சிரித்தபடி அனுப்பிவைத்திருந்தார். மாலை ஐந்து மணிக்குத் தேர் பாதுகாப்புக்கு வேறு போகவேண்டும். அவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். கோழி வாடை பழக்கமில்லாதவர்.

கொட்டகை வாசலில் முட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள் பண்ணையில் வேலை செய்யும் குப்பாயி. ஜீப்பிலிருந்து இறங்கிய தமிழ்ச்செல்வி, தொப்பியை வைக்க இடம் தேடி, முட்டை நிறைந்த அட்டையொன்றின்மேல் ஒரு வெற்று அட்டையைப் போட்டு, அதன்மேல் தொப்பியை வைத்தார். மேலட்டை கீழே அமுங்கியது. மெல்லிய ஓசையொன்று கேட்டது.

“ஐயோ அம்மிணி! நேருக்கு நேரா வெச்சா உள்ள போய் உக்காந்துக்குமுங்க. முட்டை கூழாயிருச்சு பாருங்க!” என்று குப்பாயி பதறி, அட்டையைத் தூக்கிக் குறுக்காகத் திருப்பி வைத்தாள். இப்போது அது அசையாமல் நின்றது. “போலீசுன்னு வேற ஆச்சு, காசு கேக்கவும் முடியாது.”

வந்த காலோடு இரண்டு முட்டையை உடைத்தாயிற்று என்று நொந்தபடி தமிழ்ச்செல்வி உள்ளே போனார்.

ஒரே கதவு, சன்னல் கிடையாது. ஓசை வெளியே போகாமலிருக்க நான்கு சுவரிலும் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். “நானும் அன்பரசுவும் ஒட்டுனதுங்க மேடம். வரிசை கோணக்கூடாதுன்னு நூல் பிடிச்சு ஒட்டுனோம்” என்றாள் இனியா. நாலாபுறமும் குழிகள் கோடு பிடித்ததுபோல ஓடின. பெரிய ஒலிப்பெட்டிக்குப் பின்னால் ஓரிடத்தில் மட்டும் தமிழ்ச்செல்வியின் கண் இடறியது. எதனால் என்று விளங்கவில்லை. விட்டுவிட்டார்.

நடந்தது இதுதான். மின்சாரம் நின்றது. கொட்டகை கும்மிருட்டாயிற்று. ஜெனரேட்டரிலிருந்து இணைப்புக் கேட்கக் கனிஷ்கா வெளியே போனாள். மற்ற மூவரும் காற்றுக்காகப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். யார் எப்போது உள்ளே தனியாக இருந்தார் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பண்ணையின் வாயிற்கதவில் வெளியே போகிறவர்களின் பைகளைச் சோதிப்பது வழக்கம். அன்று யாரும் வெளியே போகவில்லை என்று காவலாளி சொன்னான். காவலர் ஒலிப்பெட்டிகளைக் கழற்றினார், டிரம்ஸைக் கவிழ்த்தார், வண்டிகளின் இருக்கைகளைத் தூக்கினார். ஒன்றும் அகப்படவில்லை.

தமிழ்ச்செல்வி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

“ஒரு வருஷ உழைப்பு. இன்னொரு பிரதி வெச்சிருக்கக் கூடாதா?” என்று கனிஷ்காவைக் கேட்டார்.

“முந்தி ஒரு பாட்டு வெளிய கசிஞ்சுருச்சுங்க மேடம். அதனால எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு ஒண்ணே ஒண்ணு வெச்சிருந்தோம்.”

“யாரோட யோசனை?”

“என்னோடதுதானுங்க.” அவள் சற்றுத் தயங்கினாள். “என்னோடதுதான்னு நினைக்கறேன்.”

“வெளியாளுங்க யாராவது பாட்டைக் கேட்டாங்களா?”

“இல்லீங்க. சபரி அண்ணன்தான், பாட்டு பூராம் அவரு கம்பெனி பேர்ல இருந்தா நமக்குப் பாதுகாப்புன்னு ஒரு அக்ரிமென்ட் குடுத்தாரு. நான் இன்னும் கையெழுத்துப் போடலைங்க. அவரு வற்புறுத்தவும் இல்ல. அன்பரசுதான் குழுவை விட்டுப் போகப்போறான், எனக்கே தெரியுமுங்க.”

அடுத்து அன்பரசு வந்தான். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வளர்ந்தவன். தோளில் கிடார்ப் பையை இறக்கவே இல்லை.

“குழுவை விட்டுப் போகப்போறியாமே?”

“நான் எங்கீங்க போறேன்? கனிதான் என்னைய வேண்டாங்கறா.”

“அவங்க சொன்னாங்களா?”

“சொல்லித்தான் தெரியணுமாங்க? எனக்கே தெரியுமுங்க.”

இனியாவும் அதே பாட்டைத்தான் பாடினாள். “என்னைய தூக்கிப்போட்டு மெஷின்ல தாளம் போடப் போறாங்க மேடம்.” யார் சொன்னது? “யாரும் சொல்லலைங்க. பேச்சு வாக்குல புரிஞ்சுக்கிட்டேன்.”

தமிழ்ச்செல்விக்குத் தலை வலித்தது. கேட்கும் கேள்விக்கெல்லாம் ‘நானே’, ‘எனக்கே’, ‘தெரியும்’ என்றால் வாக்குமூலத்தில் எதை எழுதுவது? எவரும் எதையும் எவரிடமிருந்தும் கேட்கவில்லையாம். ஆனால் ஒவ்வொருவர் நெஞ்சிலும் அடுத்தவர்மேல் ஒரு மூட்டை கசப்பு இருந்தது.

கடைசியாகச் சபரிநாதன் வந்தான். கையில் மோர்க்குவளை, அதை அவரிடம் நீட்டினான்.

“வெயிலுக்கு இதைக் குடிங்க மேடம். பசங்க பாவமுங்க. கேஸ் அது இதுன்னு போனா அவங்க எதிர்காலம் போயிரும்.”

“நீங்க இந்தப் பண்ணை வேலையெல்லாம் பார்ப்பீங்களா?”

“நானா?” அவன் சிரித்தான். “சின்னதுல இருந்து ஊட்டியில ஹாஸ்டலுங்க. முட்டைப் பக்கமே போனதில்ல. இந்த நாத்தமே எனக்கு ஆகாது.”

“யார் மேலயாவது சந்தேகம்?”

“சேச்சே, நான் யாரைங்க சொல்றது? எல்லாம் என் தம்பி தங்கச்சிங்க. அன்பரசுகூட மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டான். இப்ப ரெண்டு நாளா போனை எடுத்துக்கிட்டுத் தனியா தனியாப் போறான், அவ்வளவுதான்.”

மூன்றரை மணி. அன்பரசுவின் கைப்பேசியை வாங்கி அதில் வந்த செய்திகளைத் தள்ளிக்கொண்டிருந்தார் தமிழ்ச்செல்வி. சேலத்துக் குழுவொன்று கிடார் வாசிக்கக் கூப்பிட்ட அழைப்பு இருந்தது; அதற்கு ‘முடியாது’ என்று அவன் அனுப்பிய பதிலும் இருந்தது. வேறொன்றுமில்லை.

“என் போனை எதுக்குங்க மேடம் பாக்கறீங்க?” என்று அன்பரசு கேட்டான். “யாரு பாக்கச் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலை. எனக்கே தோணுச்சு” என்றார் தமிழ்ச்செல்வி.

சொன்ன வாய் அப்படியே நின்றது. தாமும் அதையே சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது.

அவருக்கா தோன்றியது? மோர்க்குவளையை நீட்டிய கை அல்லவா அந்த எண்ணத்தையும் சேர்த்து நீட்டியது! ‘பார்’ என்று ஒரு சொல் சொல்லாமலே பார்க்க வைத்துவிட்டான். கோபம் சுறுசுறுவென்று ஏறியது. இவர்கள் ஒவ்வொருவரும் ‘நானே’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு எண்ணமும் இப்படித்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் கோபத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்குமா? பொருள் எங்கே?

அவர் வெளியே வந்து நின்றார். குப்பாயி இன்னமும் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஓர் அட்டை நேராக, அடுத்தது குறுக்காக. மறுபடி நேராக, மறுபடி குறுக்காக. அவள் கண் முட்டைமேல் இல்லை. பக்கத்தில் இருந்தவளோடு வம்பளந்துகொண்டிருந்தாள். கை மட்டும் தானாகத் திரும்பியது.

தமிழ்ச்செல்வி விறுவிறுவென்று உள்ளே போனார். பெரிய ஒலிப்பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். அப்போது கண் இடறியது எதனால் என்று இப்போது விளங்கியது. அதைத் தொடாமல் வெளியே வந்தார்.

“குப்பாயிகிட்ட வாக்குமூலம் வாங்கணும். முட்டை வேன் காத்துக்கிட்டிருக்கு. நீங்க மூணு பேரும் கொஞ்சம் கைகொடுங்க” என்றார்.

மூவரும் முணுமுணுத்தபடி வந்தார்கள். அன்பரசு அட்டைமேல் அட்டையை நேராக வைத்து, முதல் அடுக்கிலேயே உடைத்தான். “அட கேனையா! போலீசுக்கு அண்ணனா நீ!” என்று குப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். இனியா அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “இதை எப்படீங்க அக்கா வெக்கறது?” என்று விழித்தாள். சபரிநாதன் அலுப்போடு, “நகருங்க, வேலை முடியட்டும்” என்று வந்து நின்றான். ஒரு கையில் கைப்பேசி. அதில் யாரிடமோ பேசிக்கொண்டே மறுகையில் அட்டையைத் தாங்கினான். நேராக ஒன்று, மணிக்கட்டு திரும்பக் குறுக்காக ஒன்று. ஒரு முட்டைகூட அசையவில்லை.

“போதும் தம்பி, உள்ளே வாங்க” என்றார் தமிழ்ச்செல்வி.

ஒலிப்பெட்டியை நகர்த்தச் சொன்னார்.

“இந்தச் சுவரைப் பாருங்க. எல்லா அட்டையிலும் குறுக்கே ஆறு குழி, நெடுக்கே அஞ்சு. நூல் பிடிச்சு ஒட்டியிருக்கீங்க. இந்த ஒண்ணுல மட்டும் குறுக்கே அஞ்சு, நெடுக்கே ஆறு. பக்கத்து அட்டையோட வரிசை சேரலை. யாரோ இதைக் கழற்றி மறுபடி ஒட்டியிருக்காங்க. இருட்டுல, கண்ணை நம்பாம கையை நம்பி. அட்டையை எடுத்தா திருப்பி வெக்கறது அந்தக் கைக்குப் பழக்கம். அன்பரசு கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. இனியாவுக்கும் இல்லை. முட்டைப் பக்கமே போகாத உங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு, சபரிநாதன்?”

காவலர் கையுறை போட்டு அட்டையைப் பெயர்த்தார். பழைய காற்றுத் துளைக்குள் ஹார்டு டிஸ்க் இருந்தது. பசை இன்னும் முழுதாகக் காயவில்லை.

“லீவு விட்டா அப்பா அடுக்க வெப்பாரு” என்று சபரிநாதன் வாய்க்குள் சொன்னான். பிறகு தேறிக்கொண்டு, எப்போதும்போல மெல்லச் சிரித்தான். “இதுல திருட்டு எங்கீங்க மேடம்? பொருள் ரூமை விட்டே போகலையே? நாளைக்குக் காலையில நானே எடுத்துக் குடுத்திருப்பேன்.”

“ஆமா, குடுத்திருப்பீங்க. அன்பரசு பழியோட போயிருப்பான். இனியாவும் போயிருப்பா. தனியா நிக்கற பொண்ணு உங்க அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டதும் நீங்க ‘தேடிக் கண்டுபிடிச்சு’ குடுத்திருப்பீங்க. அவ உங்களுக்கு நன்றியும் சொல்லியிருப்பா. கனிஷ்கா, ஒரே பிரதி போதும்னு முதல்ல சொன்னது யாரு? நல்லா யோசிங்க.”

கனிஷ்கா யோசித்தாள். அவளுடைய முகம் மெல்ல வெளுத்தது.

“இவருதான். ‘நான் சொல்லல கண்ணு, நீயே யோசி’ன்னாரு.”

செய்தி கேட்டுப் பண்ணைக்காரர் சுப்பையன் ஓடிவந்தார். மகனை ஒரு பார்வை பார்த்தார், அதற்குமேல் பார்க்கவில்லை. கனிஷ்காவின் முன்னால் வந்து கைகூப்பினார்.

“சாமி, பொருள் கிடைச்சுப்போச்சு. நம்ம ஊட்டுப் பையன், புத்தி கெட்டுப்போயிட்டான். கேசுன்னு எழுதிட்டா அவன் வாழ்க்கையே போச்சு. எத்தனை நாள் உங்களுக்கு வாடகை வாங்காம எடம் விட்டிருக்கேன்! நான் சொல்லல, நீயே யோசிச்சுப் பாரு கண்ணு.”

தமிழ்ச்செல்வியின் தொலைபேசி ஒலித்தது, ஆய்வாளர். “கிடைச்சிருச்சில்ல? சமாதானமா எழுதி வாங்கிட்டுத் தேருக்கு வாங்க.” அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கனிஷ்காவைப் பார்த்தார். இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தானா என்று ஆத்திரமாக இருந்தது. இருந்தாலும் முடிவு அந்தப் பெண்ணுடையது. ஒரு சொல்லும் இவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது.

கனிஷ்கா சுப்பையனின் கூப்பிய கைகளைப் பார்த்தாள். கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை.

“யோசிச்சுட்டேனுங்க. எழுதுங்க மேடம். நான் ஆட மாட்டேன்.”

“அப்ப சாயங்காலத்துக்குள்ள கொட்டகையைக் காலி பண்ணிப்போடு!” என்று சுப்பையன் கத்தினார்.

“பண்ணிக்கறோமுங்க.”

காவலர் டிஸ்க்கை உறையிலிட்டு முத்திரை வைக்கப் போனார். தமிழ்ச்செல்வி தடுத்தார், முதலில் டிஸ்க்கின் மேலிருந்த கைரேகையை எடுக்கச் செய்தார், பிறகு பாட்டைப் பிரதி எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்றல்ல, ஆளுக்கொன்று.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க இனியா பாட்டை ஓடவிட்டாள். கொட்டகை அதிர்ந்தது. அன்பரசு கிடார்ப் பையோடு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தான். கனிஷ்கா அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிடும் உரிமை தனக்கு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அவனே நின்றான்.

“அந்த ரெண்டாவது சரணத்துல நான் தப்பா வாசிச்சிருக்கேன்” என்றான், திரும்பாமலே.

“தெரியும்” என்றாள் கனிஷ்கா. “நானும் தப்பாத்தான் நெனச்சுட்டேன், அன்பு. உன்னைய.”

அவன் திரும்பி வந்தான். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கினான்.

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரமிருக்குதில்ல?”

“கொட்டகை சாயங்காலம் வரைக்குந்தான்” என்று சொல்லிக்கொண்டே இனியா கவிழ்ந்துகிடந்த டிரம்ஸை நிமிர்த்தினாள்.

அடுத்த கொட்டகையில் கோழிகள் படபடத்தன. சுப்பையன் காதைப் பொத்திக்கொண்டார். ஜீப்பின் முகப்பில் தாளை விரித்துவைத்து, அந்த இடியோசையில் எழுத்து நடுங்க நடுங்க, தமிழ்ச்செல்வி புகாரை முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினார். தேர் காத்திருக்கட்டும்.