தொண்ணூறிலிருந்து இறங்கிய முள்

"என்னோட சென்சார் தப்பான இடத்துல இருந்துச்சாங்க்கா? அதை மட்டும் சொல்லுங்க. ஆமான்னா பட்டறையை இழுத்து மூடிட்டு கோயம்புத்தூருக்கே போயிடறேனுங்க."

ரோகிணி உட்காரக்கூட இல்லை. நாச்சாரத்தில் பட்டறை வைத்து ராலி பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டுகிறவள். அவள் தேடி வந்த வேதவல்லி, அடிபட்ட வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பரிசோதிக்கும் சர்வேயர். திருமுல்கேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். பொய் சொல்லும் மனிதரை விடப் பொய் சொல்லும் நட்டைச் சீக்கிரம் பிடித்துவிடுவார் என்று தொழிலில் பெயர்.

பேச்சுக்குரல் கேட்டதும் மாடியில் குடியிருக்கும் சுதர்சன் இறங்கி வந்துவிட்டான். மாதாப்பூரில் மென்பொருள் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. துப்பறிய யாராவது கூப்பிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு.

விஷயம் இதுதான். நேற்று அனந்தகிரி மலைப்பாதையில் பயிற்சி ஓட்டம். ராலிக் குழு ஒன்றின் ஓட்டுநர் ஆதர்ஷின் காரில் ரோகிணி கட்டிய இன்ஜின், ஏற்றத்தில் இறுகி நின்றுபோனது. ஆயில் சூட்டைக் காட்டும் முள் தொண்ணூறைத் தாண்டவேயில்லை, சென்சாரைத் தப்பான இடத்தில் வைத்ததால்தான் எச்சரிக்கை கிடைக்கவில்லை என்கிறான் அவன். ரோகிணி அதை வைத்திருந்தது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில். குழுவின் கார்களை இனி அவளிடம் கொடுப்பதா வேண்டாமா என்று செயலாளர் சந்தானம் இன்று மாலை முடிவு சொல்லப் போகிறார்.

"கைய வச்ச இன்ஜின் ஒண்ணுகூட இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லைங்க்கா" என்றாள் ரோகிணி. குரல் உடைந்தாலும் தலை குனியவில்லை. அந்தத் தலையெடுப்பு வேதவல்லிக்குப் பிடித்திருந்தது.

குழுவின் கொட்டகையில் சந்தானம் காத்திருந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில்கூட விறைப்பாகத்தான் உட்காருவார். ஆதர்ஷ் காரின் மேல் சாய்ந்தபடி பேசினான்.

"ஆன்ட்டி, வெரி சிம்பிள். சென்சாரை ஃபில்டர்கிட்ட வச்சிருக்கணும். சம்ப்ல காத்து பட்டு ஆயில் கூலாத்தான் இருக்கும். நீடில் நைன்டிலயே நின்னுச்சு. கடைசி ஏத்தத்துல இன்னும் கீழ வந்துச்சு. சரி, இன்ஜின் ஹாப்பின்னு ஃபுல்லா மிதிச்சேன். அதோட லாக்!"

"ஆயில் பிரஷர் விளக்கு எரியலையாப்பா?"

"வெயில்ல தெரியல ஆன்ட்டி."

"ஃபில்டர் புதுசா இருக்கே?"

"நேத்து காலைல நானே போட்டேன். ஒரு ஃபில்டருக்கெல்லாம் ரோகிணியைக் கூப்பிடணுமா என்ன?"

வேதவல்லி அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் குறியளவுக்கு இருந்தது, தேன் நிறத்தில். பிறகு குனிந்து காரின் அடியைப் பார்த்தார். அங்கே ஒட்டியிருந்த மண் முழுக்க ஆயிலில் ஊறிக் கிடந்தது. புது ஃபில்டர் மட்டும் துடைத்து வைத்தது போலப் பளபளத்தது.

"சுதர்சன், பின்னால மெக்கானிக் நூர் முகமது இருப்பார். இந்தக் கார்ல கடைசியா எப்ப ஆயில் மாத்தினார்னு கேட்டுட்டு வா."

சுதர்சன் ஓடிப்போய்த் திரும்பினான். "அக்கா, 'பர்சோ'ன்னு சொல்லுதாரு. அப்படின்னா முந்தாநாள்! அதான் ஆயில் இவ்வளவு சுத்தமா இருக்கு."

"யெஸ், முந்தாநாள்தான்" என்றான் ஆதர்ஷ் உடனே.

ரோகிணியின் முகம் வாடியது. புது ஆயில், அதுவும் முழு அளவு. அப்படியானால் பழி சொல்லச் சென்சாரைத் தவிர என்ன மிச்சம்? சந்தானம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் சார்" என்ற வேதவல்லி, ஆயில் எப்போது மாற்றினார் என்று அந்த ஊர் உருதுவிலேயே குரல் கொடுத்தார். "நூர் பாய்! தேல் கப் பத்லே?"

கை துடைத்தபடி வந்தார் நூர் முகமது. "பர்சோச் பத்லா மேடம்."

"கோன்சா பர்சோ?" எந்த பர்சோ என்று விடவில்லை வேதவல்லி.

"ரம்ஜான் கே பைலே."

சுதர்சனின் வாய் பிளந்தது. ரம்ஜானுக்கு முன்பாம்! ரம்ஜான் முடிந்து பக்ரீத்தும் போய்விட்டதே! பாவம், அவன் படித்தது புத்தக இந்தி. இந்த ஊரில் நேற்றுக்கு முந்தின எந்த நாளும் பர்சோதான். போன வாரமும் பர்சோ, தாத்தாவின் கல்யாணமும் பர்சோ.

"ரம்ஜானுக்கு முன்னால ஊத்தின ஆயில் இந்நேரம் கன்னங்கரேல்னு இருக்கணும்" என்றார் வேதவல்லி நிதானமாக. "இது தேன் மாதிரி இருக்கு. நேத்து மலையேறின ஆயில் இது இல்லை. இன்ஜின் நின்ன பிறகு யாரோ ஊத்தினது."

"அப்ப பழைய ஆயில் எங்கக்கா போச்சு?" என்றான் சுதர்சன்.

"ரோட்டுல போச்சு. முழுசா மிதிச்சு ஏத்தம் ஏறினா ஆயில் சூடு ஏறத்தான் செய்யும். அந்த நேரத்துல முள் இறங்குதுன்னா இன்ஜின் குளிர்ந்துட்டதா அர்த்தமில்லை. சென்சாரைத் தொட ஆயிலே இல்லை, சம்ப் காலி! ஃபில்டர்கிட்ட வச்சாலும் சரிதான், சம்ப்ல வச்சாலும் சரிதான். ஆயில் ஓடாம முட்டி நிக்கிற சந்துல மட்டும் வைக்கக் கூடாது. ரோகிணி வச்ச இடத்துல குத்தமே இல்லை. சென்சார் கத்திச்சு, ஓட்டினவருக்குப் புரியலை."

"லீக் எங்கிருந்து?" என்றார் சந்தானம்.

"பழைய ஃபில்டரைக் கழட்டும்போது அதோட ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜின்லயே ஒட்டிக்கும். அதைப் பார்க்காம புதுசை மாட்டினா வளையம் மேல வளையம். சூடேறினதும் ஆயில் பீச்சி அடிக்கும். அடியில அவ்வளவு ஆயில் இருக்க, ஃபில்டரை மட்டும் துடைச்சது ஏன்? ஆயில் முந்தாநாள் மாத்தினதுன்னு சுதர்சன் தப்பாச் சொன்னதும் அதையே பிடிச்சுக்கிட்டது ஏன்? நீயே சொல்லுப்பா ஆதர்ஷ்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆதர்ஷ் காரை விட்டு விலகி நேராக நின்றான். முகம் சிவந்திருந்தது.

"டபுள் ரிங்தான், ஆன்ட்டி. வண்டி நின்னப்புறம்தான் பார்த்தேன். இழுத்துட்டுப் போக டோ வண்டி வர்றதுக்குள்ள ஒண்ணை எடுத்துட்டு, கார்ல இருந்த புது ஆயிலை ஊத்திட்டேன். எல்லாரும் சிரிப்பாங்கன்னு..." ரோகிணியின் பக்கம் திரும்பினான். "ஸாரி. உன் இன்ஜின்ல தப்பில்ல."

ரோகிணி காரிடம் போய், செத்துக் கிடந்த இன்ஜினின் மேல் கையை வைத்தாள். கண்ணில் நீர் திரண்டது. அது அழுகையில்லை, பெருமை. கடைசி வரைக்கும் தன் வேலையைச் செய்த இன்ஜின் அது.

சந்தானம் எழுந்தார். "தப்பா நினைச்சுட்டோம் அம்மா. எல்லாக் காரும் உன்கிட்டயேதான். நஷ்டத்துக்கு என்ன வேணும், கேளு."

"ஒண்ணும் வேண்டாமுங்க சார். ஓட்டறவங்க பேரை மட்டும்தான் கார் கதவுல எழுதறீங்க. இன்ஜின் கட்டினவ பேரும் அங்க இருக்கணும்."

"எழுதிடுவோம். தெலுங்கா, உருதுவா, இங்கிலீஷா? இந்த ஊர்ல அதையும் கேட்டுக்கணுமே."

ரோகிணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாத்துலயும் எழுதுங்க சார். கதவு பெருசாத்தான் இருக்கு."