பூஜ்யத்தில் நின்ற மீட்டர்

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது புகை மீட்டர் பூஜ்யம் காட்டாது. எவ்வளவு நல்ல என்ஜினாக இருந்தாலும் நாலோ ஐந்தோ காட்டும். சோதனை அறைக்குள் தனியாக நின்றிருந்தவள் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தாள். பூஜ்யம்தான்.

கம்பிக் கூண்டுக்குள் அந்தச் சின்ன ஜெனரேட்டர் என்ஜின் பிசிறில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்கச் சத்தத்தை விழுங்கும் பஞ்சு. சூடான எண்ணெயும் ரப்பரும் கலந்த நாற்றத்தோடு, ஒரு கனத்த வெக்கை. நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது.

இந்த என்ஜினின் புகை வீட்டுக்குள் பரவினால் ஆளைக் கொல்லும் என்று எழுதிக் கொடுத்து, சான்றிதழில் கையெழுத்துப் போட மறுத்திருந்தாள். இந்த ஆர்டர் போனால் கம்பெனிக்கு வேறு ஆர்டர் இல்லை. யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தாள். யாரும் வரவில்லை. அவளை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்ட மூத்த டெக்னீஷியன், அவள் அண்ணா என்று கூப்பிடுகிறவர், தோளைத் தட்டினார்.

"நீ சொல்றது நியாயம்தாம்மா. இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடலாம். நீயே உள்ள நின்னு பாரு."

இப்போது இன்டர்காமை அழுத்தினாள். "அண்ணா, மீட்டர் வேலை செய்யல. நிறுத்துங்க."

"இன்னும் பத்து நிமிஷம்தாம்மா. பொறுத்துக்கோ."

மீட்டருக்குக் காற்று போகும் குழாயைத் தடவிக்கொண்டே போனாள். அதன் வாயில் டேப். நாலைந்து சுற்று, ஓரம் மடித்து, அழகாக. அப்படி மடித்து ஒட்டுகிறவர் இங்கே ஒருவர்தான்.

பிய்த்தாள். எண் ஏறியது. நூறு. நானூறு. ஆயிரத்துக்கு மேல், ஆளைக் கொல்லும் அளவு.

புகையை வெளியே கொண்டுபோகும் குழாய் சுவரோடு சேரும் இடத்தில் கழன்று தொங்கியது. என்ஜினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். உறுமல் நிற்கவில்லை. கூண்டுக்குப் பூட்டு. கதவுக் கைப்பிடி அசையவில்லை.

"அண்ணா, கதவைத் திறங்க."

ஸ்பீக்கரில் அவர் குரல், "எனக்கும் புள்ளைங்க இருக்கும்மா."

கண்ணாடி ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மேனேஜர். பெயின்ட் அடிப்பவர்கள். வாட்ச்மேன். நல்லவேளை. கண்ணாடியைக் குத்தினாள்.

யாரும் ஓடி வரவில்லை. சாவு வீட்டில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவர்களை விலக்கிக்கொண்டு ஸ்டோர் அக்கா வந்தாள். தினமும் இவளோடு ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவள். கண் கலங்கியிருந்தது. இவள் உள்ளங்கை பதிந்திருந்த இடத்திலேயே தன் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள்.

போன உயிர் திரும்பி வந்தது இவளுக்கு. "அக்கா."

அக்கா மெல்லத் தலையாட்டினாள். அவளுடைய இன்னொரு கை சுவரைத் தடவி, ஸ்விட்சைத் தேடியது.

சோதனை அறை இருண்டது. அந்தப் பக்கத்து வெளிச்சத்தில் அத்தனை முகங்களும் துல்லியமாகத் தெரிந்தன. ஒருவரும் பார்வையைத் திருப்பவில்லை. அக்கா கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.